மாற்றம் ஏதும் உண்டா?

செங்கரடு விமான நிலையத்தில் பதினோரு வருடமாக ஒரு தவறு குடியிருந்தது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அதைத் திருத்திய மூன்றாவது நாள் ஒரு பெண் செத்துப்போனாள்.

திருத்தியவள் மகுடேஸ்வரி. வயது ஐம்பத்தொன்பது, ஓய்வுபெற ஐந்து மாதம் பாக்கி. ஓடுபாதை ஓரத்துப் புல்வெளியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு கொட்டகை இருக்கும். விமானத்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக் கக்கூஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுதான் அவளுடைய அலுவலகம். பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பம், கம்பத்தில் மூன்று ஆண்டெனாக்கள். மேகம் கண்ணை மறைக்கிற நாட்களில் விமானம் இறங்கி வர, அவை வானத்தில் ஒரு சரிவுப் பாதை போட்டுக் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத ரேடியோ கதிர். அங்கே வேலை பார்ப்பவர்கள் பீம் என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டே வந்தால் விமானம் மூன்று டிகிரிச் சரிவில் இறங்கிச் சரியான இடத்தில் சக்கரம் பதிக்கும்.

செங்கரடு ஒரு குன்று. அதன் தலையைச் சீவி, சீவிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, சமன்செய்து ஓடுபாதை போட்டிருந்தார்கள். கொட்டிய மண் நாலு மழைக்காலத்தில் ஒரு அடி உட்கார்ந்துவிட்டது. ஆண்டெனாவுக்கு முன்னால் இருக்கும் தரையில் பட்டுத் தெறித்துத்தான் இந்தக் கதிர் உருவாகிறது. தரை இறங்கினால் கதிரும் இறங்கும். இறங்கியது. மூன்று டிகிரி, இரண்டு புள்ளி எட்டு ஆயிற்று.

சட்டப்படி இரண்டு புள்ளி எட்டு தப்பில்லை. இன்னும் கொஞ்சம் சரிந்தால்தான் மூட வேண்டும் என்று விதி. ஆகவே வருடா வருடம் சோதனை விமானம் வந்து, நாலு சுற்றுச் சுற்றி, "திருப்தி" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. ஆனால் ஓடுபாதை தொடங்குகிற இடத்தில் குன்று செங்குத்தாக அறுந்து நிற்கிறது. கதிரை அப்படியே நம்பி வந்தால் பாறை விளிம்பு வயிற்றுக்குக் கீழே உரசுகிற தூரத்தில் போகும். அதனால் விமானிகள் கதிருக்கு ஒரு நாற்பது அடி மேலேயே பிடித்து வந்து, விளிம்பைத் தாண்டிய பிறகுதான் இறக்குவார்கள். புதிதாக வருகிறவருக்குப் பழையவர் காபி குடிக்கும்போது சொல்லிவைப்பார். எந்தப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை.

ஆண்டெனாக்களைக் கொஞ்சம் இறக்கி மாட்டினால் தீர்ந்தது. நாலு போல்ட், ஒரு ஸ்பானர், ஒரு மத்தியானம். அதற்கு அனுமதி கேட்டு மகுடேஸ்வரி இருபத்துமூன்று கடிதம் எழுதினாள். அளவுக்குள் இருப்பதைத் திருத்த அவசியமில்லை என்று இருபத்துமூன்று பதில் வந்தது. பதில்களில் தேதி மட்டும்தான் வேறு.

இதற்கிடையே விமானங்களில் ஒரு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தான். இரண்டு விமானிகள் ஓட்டிய விமானத்தில் ஒருவரை எடுத்துவிட்டு, அந்த இருக்கையில் கம்பெனி வைத்த தானியங்கிக்கு விமானிகள் கொடுத்த பெயர் அது. ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் அதற்கு உண்டு. ஆனால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், எல்லாம் தனக்குத் தெரியும் என்று இருக்கும், எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் மேலிடத்துக்குப் புகார் போய்விடும் என்பதால் மாப்பிள்ளை என்றே நிலைத்துவிட்டது. முதல் எட்டு வருடம் அவன் வேடிக்கை மட்டும் பார்த்தான். எந்த ஊரில் எந்த விமானி எப்படி இறக்குகிறார் என்று ஒவ்வொன்றையும் மனதில் போட்டுக்கொண்டான். அடுத்த மூன்று வருடமாக அவனே இறக்குகிறான். விமானி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தேவையில்லாமல் குறுக்கிட்டால் ஒரு புள்ளி. வருடத்தில் மூன்று புள்ளி சேர்ந்தால் விமானியை வானத்தில் இருந்து இறக்கி, பயிற்சி அறையில் மூன்று மாதம் உட்காரவைத்துவிடுவார்கள்.

இந்த ஆடி மாதம் சோதனை விமானம் வேறெங்கோ போகிற வழியில் பழுதாகிச் செங்கரட்டில் ஒரு நாள் நின்றது. புதிதாக வந்திருந்த மேலாளர், போனால் போகிறது என்று இருபத்துநாலாவது கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மகுடேஸ்வரிக்கு நம்பவே முடியவில்லை. உதவியாளர் தங்கராசு கம்பத்தில் ஏறினான். இருபது வருடமாக அவளோடு வேலை செய்கிறவன். சாயங்காலம் சோதனை விமானம் சுற்றிப் பார்த்து அளவு சொன்னது: மூன்று டிகிரி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பதினோரு வருசப் பிரார்த்தனைங் மேடம், ஒருவழியா தீந்துச்சு" என்றான் தங்கராசு. அவள் பாய் கடையில் இருந்து மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னாள்.

கடைசியில் ஒரு படிவம் பாக்கி இருந்தது. கருவியில் கைவைத்தால் எல்லா விமானிகளுக்கும் அறிவிப்புப் போக வேண்டும். அதில் ஒன்பதாவது கேள்வி: "கதிரின் கோணத்தில் மாற்றம் ஏதும் உண்டா?" மகுடேஸ்வரி பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். காகிதத்தில் செங்கரட்டுக் கதிர் என்றைக்குமே மூன்று டிகிரிதான். இப்போதும் மூன்று. உண்டு என்று எழுதினால், இத்தனை நாள் மூன்று இல்லையா, பின்னே ஏன் திருப்தி என்று கையெழுத்துப் போட்டாய் என்று கேள்வி வரும். அவள் "இல்லை" என்று எழுதினாள்.

அவளுக்கென்று சொந்தமாக ஒரு அளவுகோல் உண்டு. கொட்டகையின் ஜன்னலில் ஐந்து குறுக்குக் கம்பிகள். அவள் நாற்காலியில் இருந்து பார்த்தால், இறங்கி வரும் விமானம் குன்றின் விளிம்பைக் கடக்கும்போது சரியாகக் கீழிருந்து இரண்டாவது கம்பியைத் தொட்டுக்கொண்டு போகும். பதினோரு வருடமாக அப்படி. திருத்திய மறுநாள் வெயில் பளிச்சென்று இருந்தது. விமானங்கள் மூன்றாவது கம்பியில் போயின. தள்ளிப் போய் இறங்கின. ஓடுபாதை காய்ந்து கிடந்ததால் ஒன்றும் ஆகவில்லை. இவர்கள் இன்னும் பழைய நினைப்பிலேயே இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. நாலு நாளில் சரியாகிவிடும் என்றும் தோன்றியது. டவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. படிவத்தில் "இல்லை" என்று எழுதிய பிறகு போனில் என்னவென்று சொல்வது?

மூன்றாம் நாள் காலை மேகம் குன்றின் மேலேயே படுத்துக்கிடந்தது. மழை. ஒன்பது இருபது விமானம் வரும் சத்தம் கேட்டது. ஜன்னலில் வெள்ளைச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சத்தம் கொட்டகையைத் தாண்டி, இன்னும் தாண்டி, சக்கரம் பதிக்கிற கிறீச்சொலி வர வேண்டிய இடத்தில் வராமல், ரொம்பத் தள்ளிப் போய் வந்தது. பிறகு எஞ்சின் அலறியது. பிறகு ஓடுபாதையின் அந்தக் கோடியில் இருந்து, பாத்திரக் கடையே சரிந்தது போல ஒரு சத்தம்.

மூக்கு மண்ணில் புதைந்து விமானம் நின்றது. எழுபத்தொரு பயணிகளும் உயிரோடு இறங்கினார்கள். முன் கதவோரம் மடக்கு இருக்கையில் இருந்த பணிப்பெண் இறங்கவில்லை. பெயர் ஷெர்லின் ஜெனிபா, இருபத்தாறு வயது. கேப்டனுக்கு இரண்டு காலும் முறிந்திருந்தன.

*

விசாரணை முடியும்வரை மகுடேஸ்வரியைக் கொட்டகைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி விடுப்பில் அனுப்பினார்கள். அது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். அவளுடைய காகிதங்கள் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. கருவி மிகத் துல்லியம் என்று சோதனை விமானமே சான்று கொடுத்திருந்தது. கேப்டன்தான் குறுக்கிட்டிருக்க வேண்டும், குறுக்கிடவில்லை, ஆகவே அவர்மேல் வழக்கு என்று செய்தி வந்துகொண்டிருந்தது.

"உன்னை யாரும் ஒண்ணும் கேக்கல. அஞ்சு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துபோடு, மகுடா" என்றார் கணவர் சிவசாமி. கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆறாம் நாள் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கேப்டன் அமலதாஸ் பர்னாந்து தூத்துக்குடிக்காரர். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு காலும் கட்டோடு தொங்க, மேல்கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவளை அவர் முன்பின் பார்த்ததில்லை. செங்கரட்டு பீம் ரூமில் இருந்து வருகிறேன் என்றதும் தலையைத் திருப்பினார்.

"உக்காருங்க மேடம். விசாரணைக்காரங்க அனுப்பிச்சாங்களா?"

"இல்லைங்க. நானாத்தான் வந்தேன்."

"என்னத்த சொல்ல" என்றார் அவர். "எல்லாரும் கேக்குறாக, ஏன் கையில எடுக்கலன்னு. மேகத்துல இருந்து வெளிய வாரோம். எதுத்தாப்புல ஓடுபாதை தெரியுது. மாப்பிள்ள பீமுக்கு மேல வாரான். எனக்கு அது தப்பாவே தெரியல மேடம். செங்கரட்டுல அப்படித்தான வருவோம். நானே அங்க எத்தன தடவ எறக்கிருக்கேன். அந்தப் பயலுக்குக் காட்டிக் குடுத்ததே எங்க கைதானே."

மகுடேஸ்வரி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெளிம்பத் தாண்டுன பொறவுதான் பாத்தேன், எக்கச்சக்கமா தள்ளிப் போறோம்னு. கை லீவர்கிட்ட போயிருச்சு. அந்நேரத்துல பாருங்க, புத்தி புள்ளிய எண்ணுது. இந்த வருசம் ரெண்டு போயிருச்சு, இது மூணாவதுன்னு. ஒன்றர செகண்டு இருக்கும். அப்புறம் இழுத்தேன். அந்த ஒன்றர செகண்டுல அந்தப் புள்ள..." அவர் நிறுத்தி, மறுபடி விசிறியைப் பார்த்தார். "காலைல ஏறும்போது எனக்கு இட்லி வாங்கிக் குடுத்துச்சு மேடம். ஒங்க சுகரு ஏறிரும், வடை வேண்டாம்னுச்சு."

நர்ஸ் வந்து ஏதோ ஊசி போட்டுவிட்டுப் போனாள்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார் கேப்டன். "பீமுல எதும் மாத்துனீங்களா? அறிவிப்பு வந்துச்சு. மாற்றம் இல்லைன்னு போட்டிருந்துச்சு. ரெண்டு தடவ படிச்சேன்."

அவள் இதற்காகத்தான் வந்திருந்தாள். "அந்த 'இல்லை'ய எழுதுனது நாந்தானுங்க" என்றாள். "மாத்தியிருந்தேன். சரி பண்ணியிருந்தேன். காயிதத்துல எப்பவுமே சரியாத்தான இருந்துச்சு, அதனால மாறலைன்னு எழுதிப்போட்டேனுங்க."

அவர் கத்துவார், அடித்து விரட்டச் சொல்வார் என்று நினைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "அப்ப நான் லூசு இல்ல" என்றார். அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

*

விசாரணை அதிகாரி கோதண்டபாணி சென்னையில் இருந்து வந்திருந்தார். பொறுமையான மனிதர், இந்த வருடம் இது அவருக்கு ஆறாவது விசாரணை. மகுடேஸ்வரி இருபத்துநாலு கடிதங்களையும் மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். உட்கார்ந்துபோன மண், விமானிகளின் நாற்பது அடி, ஒன்பதாவது கேள்வி, மூன்றாவது கம்பி. ஒன்றையும் மறைக்கவில்லை.

மாப்பிள்ளையைச் செய்த கம்பெனி சார்பில் ஆஷிகா என்ற பொறியாளர் வந்திருந்தாள். அவள் ஒரு சின்னத் திரையை மேஜையில் நிறுத்தி, "அதையே கேட்டுடலாம் சார்" என்றாள்.

"செங்கரட்டில் ஏன் கதிருக்கு மேலே வந்தாய்?" என்று கேட்டார் கோதண்டபாணி.

"செங்கரட்டில் அவ்வாறு இறங்குவதே வழக்கம்" என்றது அது. அடக்கமான குரல்.

"எதற்காக அந்த வழக்கம்?"

"காரணம் எனக்குக் கற்பிக்கப்படவில்லை. நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு தரையிறக்கங்களில் அவ்வழக்கம் இருந்தது."

கோதண்டபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேப்டன்மேல வழக்கு நிக்காது. நல்லவேளை, நீங்க வந்து சொன்னீங்கம்மா. சரி, இனிமே என்ன செய்யறது? ஆஷிகா, அந்த நாற்பது அடியை அதோட மண்டையில இருந்து எடுத்துட முடியாதா?"

"எடுக்கலாம் சார். ஆனா நாங்க கைவெச்சா அது வடிவமைப்பு மாற்றம். நானூறு விமானத்துக்கும் திரும்பச் சான்றிதழ் வாங்கணும். ரெண்டு வருஷம் எல்லாமே தரையில நிக்கும்."

"தானா மாறாதா?"

"மாறும். தானா கத்துக்கிட்டா அதுக்குப் பேர் கற்றல், அதுக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆனா பதினோரு வருஷப் பழக்கம் சார். குறைஞ்சது ஒரு வருஷம் ஆகும்."

கோதண்டபாணி கடிதங்களைப் பார்த்தார், மகுடேஸ்வரியைப் பார்த்தார். "ஆண்டெனாவைப் பழைய இடத்துலயே மாட்ட எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மத்தியானமுங்க" என்று சொன்ன பிறகுதான் அவர் கேட்டது அவளுக்கு உறைத்தது. "சார், மறுபடியும் தப்பாவே வெக்கறதுங்களா?"

"ரெண்டு புள்ளி எட்டு தப்பு இல்லையேம்மா. பதினோரு சான்றிதழ் இருக்கு. பதினோரு வருஷத்துல ஒரு கீறல் விழலை." அவர் குரலில் கேலி இல்லை. களைப்புதான் இருந்தது. "எனக்கும் பிடிக்கலை. ஆனா மிஷினைத் திருத்தறதைவிட ஸ்பானர் சுலபம்."

ஆண்டெனா இடம் மாறும்வரை செங்கரட்டில் விமானிகள் கையாலேயே இறக்கலாம், அதற்குப் புள்ளி கிடையாது என்று ஒரு தற்காலிக உத்தரவும் போட்டார்கள்.

*

ஆண்டெனாவைப் பழைய இடத்தில் மாட்டச் சொல்லும் உத்தரவு கைக்கு வர இருபத்தாறு நாள் ஆனது. ஆவணி பாதி போய்விட்டது. அன்று காலை மகுடேஸ்வரி விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கொட்டகையைத் திறந்தாள். உள்ளே பல்லி முட்டையிட்டிருந்தது. மேஜையில் மைசூர்பாகு டப்பா அப்படியே, எறும்போடு இருந்தது.

வேலையை ஒன்பது இருபது விமானம் இறங்கிய பிறகு தொடங்கி, பதினொன்று நாற்பது விமானத்துக்குள் முடிக்க வேண்டும். புதிதாகச் சோதனைச் சுற்றுத் தேவையில்லை, போன வருடச் சான்றிதழே செல்லும் என்று உத்தரவில் இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேகம் மேலே இருந்தது, குன்று தெளிவாகத் தெரிந்தது. ஒன்பது இருபது வந்தது. பழக்கதோஷத்தில் ஜன்னலைப் பார்த்தாள். கீழிருந்து இரண்டாவது கம்பி. தொட்டுக்கொண்டு போனது.

நன்றாக இறங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு எழுந்துபோய்க் கதிரை அணைத்தாள். தங்கராசு இடுப்பில் ஸ்பானரைச் செருகிக்கொண்டு கம்பத்தில் ஏறினான். முதல் போல்ட் கழன்றது. இரண்டாவது கழன்றது. கீழே நின்று கயிற்றைப் பிடித்திருந்தவளுக்கு அப்போதுதான் ஜன்னலில் பார்த்தது உறைத்தது.

இரண்டாவது கம்பி. கதிர் மூன்று டிகிரியில் இருக்கும்போது இரண்டாவது கம்பி என்றால், விமானம் கதிரைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. நாற்பது அடி எங்கே போயிற்று?

"தங்கராசு, அப்படியே நில்லு. கையை எடு."

முதலில் டவருக்கு அடித்தாள். ரம்யா என்ற பெண் எடுத்தாள்.

"ஏனுங் ரம்யா, ஒம்போது இருவது ஆரு எறக்குனாங்க? கேப்டனா, மாப்பிள்ளையா?"

"மாப்பிள்ளைங்க மேடம். மூணு நாளா எல்லாமே மாப்பிள்ளைதான். கையில எடுக்கறத நிறுத்திக்கிட்டாங்க, ஒழுங்கா எறங்குதுன்னு."

அடுத்து தூத்துக்குடிக்கு. கேப்டன் பர்னாந்து வீட்டில், ஊன்றுகோலோடு நடந்து பழகிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"கேப்டன், ஆக்சிடெண்டுக்குப் பொறவு உங்காளுக செங்கரட்டுல எப்படிங்க எறக்குனாங்க?"

"கையிலதான் மேடம். எனக்கு ஆனத பாத்துட்டு எல்லாருக்கும் குலை நடுக்கம். தள்ளிப் போயிரக் கூடாதேன்னு பீமுலயே, நூல் புடிச்ச மாதிரி எறக்குறாக. போன்ல பேசிக்கிட்டோம்."

"அத மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருந்திருக்குமுங்களா?"

"பாக்காம? அவனுக்கு வேற என்ன சோலி? அதுலயும் ஒரு விபத்துக்கு அப்புறம் நடக்குறத அவன் ரொம்பக் கவனிப்பான் மேடம். ஒரு தடவ பாத்தா நூறு தடவ பாத்த மாதிரி." அவர் சட்டென்று நிறுத்தினார். "ஏன் கேக்கீங்க? பீம எறக்கப் போறீங்களா?"

"பாதி போல்ட் கழட்டியாச்சுங்க."

"யேசுவே" என்றார் கேப்டன். "மேடம், அவன் இப்ப பீம நம்பி வாரான். நீங்க எறக்குனா அவனும் எறங்குவான். இந்தத் தடவ ஓடுபாதைக்கு அங்கிட்டு இல்ல. இங்கிட்டு. பாறையில."

அவள் கோதண்டபாணியைப் பிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அவர் வேறொரு ஊரில் வேறொரு விசாரணையில் இருந்தார். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். ஜன்னல் கம்பி என்றதும் பெருமூச்சு விட்டார்.

"அம்மா, உங்க ஜன்னல் கம்பியை வெச்சு நான் உத்தரவை நிறுத்த முடியாது. நானும் உங்களை மாதிரிதான் யோசிச்சேன். ஆஷிகாவோட கம்பெனிகிட்ட எழுத்துல கேட்டேன். செங்கரட்டு வழக்கத்துல மாற்றம் ஏதும் உண்டான்னு."

"என்ன எழுதுனாங்க?"

"இல்லைன்னு எழுதியிருக்காங்க. போன சான்றிதழ்ல இருந்ததுதான் அவங்களுக்குக் கணக்கு. அடுத்த சான்றிதழ் வரைக்கும் காகிதத்துல அது மாறாதே."

மகுடேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேவிட்டாள். அந்த "இல்லை"யை எழுதியது யாராக இருக்கும்? ஆஷிகாவாக இருக்கலாம், அவளுக்குக் கீழே ஒருத்தியாக இருக்கலாம். அவளும் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்திருப்பாள். அவளுக்கும் வீட்டில் யாராவது பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்லியிருப்பார்கள். மகுடேஸ்வரிக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. தன்மேல்தான் வந்தது.

"என்னம்மா சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லைங்க சார்" என்று போனை வைத்தாள்.

மணி பத்தே முக்கால். மேற்கே இருந்து மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. உத்தரவுப்படி மாட்டினால் பாறை. உத்தரவை மீறி, காலையில் இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டினாலும், கழற்றிய போல்ட் கழற்றியதுதான். சோதனை விமானம் வந்து பார்க்காமல் அந்தக் கதிர் எத்தனை டிகிரி என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது. அதற்குமேல், மாப்பிள்ளை மண்டையில் இந்த நிமிடம் எது இருக்கிறது என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது.

"எறங்கி வா, தங்கராசு."

"பாதில உட்டுட்டுங்களா? பதினொண்ணு நாப்பது வந்துருமுங்களே."

"வந்தா திரும்பிப் போகட்டும். பீமு இல்லாம இந்த மேகத்துல ஆரும் எறங்க மாட்டாங்க."

தங்கராசு இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "மேடம், நாலு மாசந்தானுங் இருக்குது உங்களுக்கு."

"ஆமா" என்றாள் அவள். அது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. சிவசாமியின் முகமும் ஒரு நிமிடம் வந்து போயிற்று.

ஒரு கருவியைச் சேவையில் இருந்து எடுத்துவிட அங்கே பொறுப்பில் இருப்பவருக்கு அதிகாரம் உண்டு. முப்பத்துநாலு வருட வேலையில் அவள் அதைத் தானாகப் பயன்படுத்தியதே இல்லை. மேஜையில் உட்கார்ந்து புதுப் படிவம் எடுத்தாள். ஒன்பதாவது கேள்விக்கு வந்தாள். "உண்டு" என்று எழுதினாள். கட்டத்துக்குள் இடம் போதவில்லை. பின்பக்கம் திருப்பி, மண் உட்கார்ந்த வருடத்தில் இருந்து அத்தனையும் எழுதினாள். கதிர் என்னவாக இருந்தது, என்னவாக ஆக்கினேன், அதை யாருக்கும் சொல்லவில்லை, அதனால் யார் செத்தாள், எல்லாமும். அந்தப் பெண்ணின் பெயரை முழுதாக எழுதினாள்.

அனுப்பிய இரண்டாவது நிமிடம் டவரில் இருந்து ரம்யா கூப்பிட்டாள். குரலில் பதற்றம்.

"மேடம், படிவம் வந்துருச்சுங்க. இதுல பத்தாவது கேள்விய விட்டுட்டீங்க. எப்பச் சரியாகும்னு போடணுமுங்க."

"எனக்குத் தெரியாதுன்னு போடு, கண்ணு."

"அப்படிப் போட முடியாதுங்களே மேடம். தேதி கேக்குது."

"அப்ப நான் சொன்னேன்னு கையால எழுதி ஒட்டு."

பதினொன்று முப்பத்தைந்துக்கு விமானச் சத்தம் கேட்டது. மேகம் முழுதாக மூடிவிட்டது. மகுடேஸ்வரி வெளியே வந்து ஈரப் புல்லில் நின்றாள். சத்தம் குன்றுக்கு நேர் மேலே வந்தது. ஒரு தடவை வட்டமடித்தது. மேலே யாரோ கல்யாணத்துக்குப் போகிறவர் இருப்பார், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இருப்பார். ஷெர்லின் வயதில் ஒரு பெண் முன் கதவோரம் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து, சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள். பிறகு சத்தம் கோயம்புத்தூர்ப் பக்கமாகத் திரும்பித் தேய்ந்தது.

"இன்னைக்கு அத்தன பேரும் நம்மளத்தானுங் திட்டுவாங்க" என்றான் தங்கராசு.

"திட்டட்டும், தங்கராசு" என்றாள் மகுடேஸ்வரி. "திட்டறதுக்கு அத்தன பேரும் இருக்கறாங்கல்ல."